எண்ணிக்கையில் சேராத ஜோடி

அத்தியாயம் பதினொன்று

வியாழக்கிழமை தெபோரா எழுதிக் கொடுத்த ஒற்றைத் தாள் இன்னும் கல்லாப்பெட்டிக்கு அடியிலேயே இருந்தது. அதை அவள் கணவன் இயாகோப்போ கிழிக்கவுமில்லை, மறுபடி எடுத்துப் படிக்கவுமில்லை. இரண்டு நாளாக அதன்மேல் சில்லறையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

தாளில் இருந்தது இரண்டே வரி. ஒன்று, தேங்காய் வாங்கியதில் லாபம். மற்றொன்று, தேங்காய் செலவானதில் நஷ்டம்.

முதல் வரி இயாகோப்போவைப் பற்றியது. தோப்புக்காரன் எலியாவிடம் காய் ஒரு தாலாவுக்கு வாங்கி வந்ததை நிறுத்திவிட்டு, தெற்குக் கரையிலிருந்து வரும் லாரிக்காரனிடம் காய்க்கு எட்டு சேனே குறைத்துப் பேசி முடித்தவன் அவன்தான்; நூறு சேனே சேர்ந்தால் ஒரு தாலா. இரண்டாவது வரி அவனுடைய அக்கா லூசியாவைப் பற்றியது. அடுமனையின் அடுப்படி முழுவதும் அவள் பொறுப்பு.

பெருமை தம்பிக்கு, பழி அக்காவுக்கு. எழுதும்போது தெபோராவுக்கு அது உறைக்கவில்லை. எழுதி முடித்த பிறகு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

சனிக்கிழமை. தீவின் தலைநகரான ஆப்பியாவுக்கு வெளியே உள்ள அந்தச் சின்ன அடுமனைக்கு வாரத்தின் பெரிய நாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வரும் ஒவ்வொரு வீட்டு விருந்திலும், தேங்காய்ப்பாலில் மூழ்கி வெந்த பன் ஒரு தட்டாவது இருக்க வேண்டும். இருட்டு விலகும் முன்பே அடுப்பு எரிந்தது.

"இன்னைக்குச் சொல்லிடு," என்றான் இயாகோப்போ, கல்லாவைத் திறந்தபடி.

"என்னத்த?"

"சாயங்கால ஜெபம் முடிஞ்சதும் அக்காகிட்ட சொல்லிடு. திங்கக்கிழமையிலேர்ந்து அடுப்படிய சாலே பாத்துப்பான்னு."

சாலே இயாகோப்போவின் சித்தப்பா மகன். ஹோட்டல் ஒன்றில் ரொட்டி சுட்டவன். வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

"நான் சொல்றதா? உங்க அக்காங்க அது."

"அதனாலதான் உன்ன சொல்லச் சொல்றேன். கூடப்பொறந்தவள நிக்க வெச்சு நான் இந்தப் பேச்சு பேசினா, ஊர்ல ஒருத்தன் என் மூஞ்சில முழிப்பானா? கடவுள்தான் மன்னிப்பாரா?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. அந்த ஊரில் அக்கா தங்கை என்பவர்கள் சகோதரனுக்கு வெறும் உறவு அல்ல, ஓர் உடன்படிக்கை. அவர்கள் முன்னால் குரலை உயர்த்துவதே தப்பு. ஆனால் தான் செய்யக் கூசுகிற ஒன்றை மனைவியின் வாயால் செய்துகொள்ளலாம் என்று எந்த உடன்படிக்கை சொல்கிறது? தெபோரா அதைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டாள்.

"எட்டுக் காய் அதிகமா போனதுக்கா அக்காவ அனுப்பறீங்க?"

"எட்டா? நல்லா பாரு. போன சனிக்கிழமைக்கு முப்பது தட்டு, அறுபது காய்னு திட்டம் போட்டது நீ. எண்பத்தெட்டு போயிருக்கு. இருபத்தெட்டு காய்!"

"முப்பது தட்டு விக்கும்னு நெனச்சோம், நாப்பது வித்துச்சு. நாப்பது தட்டு சுட்டுட்டு முப்பது தட்டுக்கான காயோட ஒப்பிட்டா எப்படி? தட்டுக்கு ரெண்டுன்னா நாப்பதுக்கு எண்பது ஆகியே தீரும். அதுக்கு மேல போன எட்டுதான் கேள்வி."

"சரி, எட்டு. அந்த எட்டு எங்க போச்சு? பின்பக்க ஜன்னல் வழியா தேங்கா வெளிய போறத சாலே பொண்டாட்டி கண்ணால பாத்திருக்கா."

தெபோரா ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். "நானும் கண்ணால பாத்துட்டு வரேன்."

"எதப் பாக்கறதுன்னாலும் சாயங்கால ஜெபமணிக்கு முன்னாடி பாத்து முடிச்சுடு."

*

லூசியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அகலமான தோள்கள். அவள் சிரித்தால் அடுப்புத் தட்டுகள் அதிரும் என்று வேலைக்காரப் பெண்கள் சொல்வார்கள். அன்று அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் கேலிக்குக் குறைவில்லை.

"என்ன, மகாராணி அடுப்படிக்கு வந்திருக்காங்க? கால்குலேட்டர் ரிப்பேரா?"

"உதவிக்கு வந்தேங்கா."

"உதவியா, உளவா?"

தெபோராவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டும்தான்."

லூசியா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தேங்காய்க் குவியலின் பக்கத்தில் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். "அப்ப நல்லா தெரியற எடத்துல உக்காரு."

காலை முழுவதும் தெபோரா பார்த்தாள். காய்கள் உடைந்தன, துருவியின் மோட்டார் கத்தியது, பால் பிழியத் துருவலை நாரில் சுற்றி லூசியா முறுக்கினாள். ஒரு முறை அல்ல, வெந்நீர் தெளித்து மறுமுறையும். இரண்டாம் பிழிவுக்குப் பின் நாரில் மிஞ்சியது மரத்தூள் போலிருந்தது. ஒரு சொட்டு தரையில் விழுந்தாலும் "ஐயோ" என்றாள். தட்டுக்கு இரண்டு காய்ப் பால். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நடுநடுவே உடைத்த காயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி ஓரமாக வைத்தாள். முளைவிட்ட காய்கள். உள்ளே பால் பிடிக்காமல், பஞ்சுப் பந்து போலத் தேங்காய்ப்பூ அடைத்திருந்தது.

"இத பிழிஞ்சா தண்ணிதான் வரும்," என்றாள் லூசியா. பின்பக்க ஜன்னலைத் திறந்து, வெளியே மாவுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் பூவை நீட்டினாள். "ஏய், வாங்குங்கடி. இனிக்குது, தின்னுங்க."

சாலேயின் மனைவி கண்ணால் பார்த்தது இதைத்தான்.

நாற்பதாவது தட்டு அடுப்புக்குள் போனபோது தெபோரா சிரட்டைகளை ஜோடி சேர்த்து எண்ணினாள். உடைத்தவை எண்பத்தெட்டு. அவற்றில் பிழிய முடியாதவை எட்டு. ஏழு முளைத்தது, ஒன்று அழுகியது.

அவள் மனம் துள்ளியது. அப்படியானால் குற்றம் அடுப்படியில் இல்லை! மலிவு விலைக்கு மட்டமான காய் வந்திருக்கிறது. வாங்கியதில் லாபம் என்று எழுதியதுதான் பொய்.

"அக்கா, எலியா அண்ணன் காய் இப்படி இருக்காதுல்ல?" ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டாள். அந்த ஒரு சொல் போதும், லூசியா தப்பித்துவிடுவாள்.

லூசியா கையைத் துடைத்தாள். தன்னைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் அது தெரிந்தது. ஆனாலும் மறுத்து மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"எலியா காய்லயும் இதே அளவுதான் முளைச்சிருக்கும். முத்தி விழுந்த காய்னா கொஞ்சம் முளைக்கும். லாரிக்காரன் மேல பழி போடாத. பாவம், அவன் எண்ணித்தான் எறக்கறான்."

கைக்கு எட்டிய கயிற்றைத் தானே விட்டுவிட்டாள் இந்த மனுஷி. ஒரு சின்னப் பொய்க்குக்கூட வாய் வராதவளா தேங்காய் திருடுவாள்?

ஆனால் உண்மை சொன்னதால் புதிர் இன்னும் இறுகிவிட்டது. அப்போதும் இதே அளவு வீண். அப்போதும் இதே பிழிவு. அப்படியிருக்க, எலியாவின் காலத்தில் நாற்பது தட்டுக்கு எண்பது காய் எப்படிப் போதுமானதாக இருந்தது?

"எலியா அண்ணன் காய எறக்கும்போது எண்ணுவீங்களா?"

"அவன் விடியறதுக்கு முன்னாடியே வந்து கொட்டகைக்குப் பின்னால குவிச்சுட்டுப் போயிடுவான். ராத்திரியெல்லாம் மாவு பெசஞ்சவ தேங்காயையும் எண்ணணுமா? சீட்டுல எண்பதுன்னு இருக்கும். நீ காசு குடுப்ப."

*

கடைசித் தட்டும் விற்ற பிறகு தெபோரா எலியாவின் வீட்டுக்குப் பஸ் பிடித்தாள். மரப் பெஞ்சில் உட்கார்ந்து, என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனாள். கேட்பதற்கு முகம் இருக்கிறதா என்றும் யோசித்தாள். எலியா அவர்கள் போகும் அதே தேவாலயத்தில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். காய் வாங்குவதை நிறுத்திய மூன்று மாதமாக, தெபோரா வீட்டார் உட்காரும் பெஞ்சுப் பக்கம் திரும்புவதில்லை.

எலியா வீட்டு முன்னால் தரையில் உட்கார்ந்து, உரித்த காய்களை மட்டைநாரால் ஜோடி ஜோடியாகக் கட்டிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய சரக்கு.

"அட, அடுமனையம்மா! பால் வத்திடுச்சா?"

"கோவமா அண்ணே?"

"எனக்கென்ன கோவம்? உன் வீட்டுக்காரர் போன்ல சொன்னாரு, எட்டு சேனே கொறைச்சா பேசலாம்னு. நான் ஒரு பாட்ட முணுமுணுத்துட்டு போன வெச்சுட்டேன். துக்கப் பாட்டுதான்."

தெபோராவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. தரையிலேயே உட்கார்ந்தாள். "உங்க காயும் லாரிக் காயும் ஒண்ணுதான்னு லூசியாக்கா சொல்றாங்க."

"லூசியா சொன்னா சரிதான். தென்னை என்ன என் வீட்டுக்குன்னு தனியாவா காய்க்கும்?"

பேசிக்கொண்டே அவன் ஜோடிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினான். ஒன்று, இரண்டு என்று சத்தமாகவே எண்ணினான். பத்து ஜோடி ஆனதும் எண்ணாமல் இன்னொரு ஜோடியைத் தூக்கி உள்ளே போட்டான். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். மறுபடி பத்து. மறுபடி எண்ணாத ஒரு ஜோடி.

தெபோரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, இப்ப போட்டீங்களே, அது?"

"எது?"

"பத்துக்கு அப்புறம் ஒரு ஜோடி."

"அதுவா? அது எண்ணிக்கையில சேராது." அவன் அதைப் பற்றி நினைத்ததே இல்லை என்பது போல முழித்தான். "பத்துல ஒண்ணு ரெண்டு முளைச்சிருக்கும். ஒடைக்காம எப்படித் தெரியும்? வாங்கறவன் தலையில கட்ட முடியுமா? எங்கப்பாவும் போடுவாரு."

"எங்களுக்கும் போட்டீங்களா?"

"உங்களுக்கு மட்டும் போடாம இருப்பேனா?"

"இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலயே!"

"சொன்னா அப்புறம் அதுவும் கணக்குல வந்துடுமே!" என்று சிரித்தான் எலியா.

தெபோராவுக்கு முகம் சுட்டது. பத்து ஜோடிக்கு ஒரு ஜோடி. இருபதுக்கு இரண்டு. எண்பதுக்கு எட்டு.

காணாமல் போனதாக அவள் எழுதிய எட்டுக் காய்கள் எங்கும் போகவில்லை. அவை முன்பு எண்ணாமல் வந்தன, இப்போது எண்ணி வருகின்றன. சீட்டில் இருந்த எண்பதைப் பார்த்து, தட்டுக்கு இரண்டு போதும் என்று திட்ட அளவைப் போட்டவள் அவள். அந்த அளவுக்குள் ஒரு மனிதனின் நல்ல மனசு ஒளிந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. அந்த மனசை எட்டு சேனேக்காக நிறுத்திவிட்டு, அது இல்லாமல் போன இடத்தில் ஒரு திருடியைத் தேடியிருக்கிறார்கள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி எங்களுக்குப் போடுவீங்களா அண்ணே? அதே ஒரு தாலா."

எலியாவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "கடற்கரை ஹோட்டல்காரங்க மொத்தத் தோப்பையும் கேக்கறாங்க, தங்கச்சி. திங்கக்கிழமை பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். பெரிய எடம். ஒரே போன்ல 'எட்டு கொறை'ன்னு சொல்லமாட்டாங்க பாரு."

"நாங்க பண்ணினது தப்பு அண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெபோரா எழுந்தாள்.

*

அவள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. இயாகோப்போ குளித்து, இடுப்பில் சுத்தமான லாவலாவாத் துணி கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றான்.

"சொல்லத் தயாரா?"

"மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்."

சொன்னாள். கல்லாவுக்கு அடியிலிருந்த தாளை எடுத்து, பின்பக்கம் திருப்பி, நின்றபடியே போட்டுக் காட்டினாள். லாரியில் எண்பத்தெட்டு காய், காய்க்கு எட்டு சேனே மிச்சம்; ஏழு தாலாவும் நாலு சேனேயும் லாபம். எட்டுக் காய் அதிகம், எலியாவின் விலையில் எட்டு தாலா நஷ்டம். கூட்டிக் கழித்தால் ஒரு சனிக்கிழமைக்குத் தொண்ணூற்றாறு சேனே கையைவிட்டுப் போகிறது.

இயாகோப்போ அதை விரல்விட்டு மறுபடி கூட்டிப் பார்த்தான். தான் பேசி முடித்த பேரத்தை இழப்பது யாருக்கும் எளிதல்ல.

"தொண்ணூத்தாறு சேனே. ஒரு பன்னு காசு. இதுக்கா பஸ் ஏறிப் போயிட்டு வந்த?"

"இதுக்குப் போகலீங்க. அக்காவுக்காகப் போனேன்." "வாங்கினது ஒரு வரி, செலவானது ஒரு வரின்னு தனித்தனியா எழுதி, ஒண்ண உங்க பேர்லயும் ஒண்ண அவங்க பேர்லயும் வெச்சேன். ரெண்டும் ஒரே முடிவோட வெளைவு. அந்த முடிவு நாம எடுத்தது. அவங்க எடுத்தது இல்ல."

அவன் தாளைத் திருப்பி, முன்பக்கத்து இரண்டு வரியையும் படித்தான்.

"நான் காலையில கேட்டேன், எலியா காய் நல்லா இருந்துச்சான்னு. ஆமான்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாங்க. சொல்லலீங்க. லாரிக்காரனுக்காகப் பரிஞ்சு பேசினாங்க."

தெருக்கோடியில் மணி அடித்தது. பழைய கேஸ் சிலிண்டரை அறுத்துத் தொங்கவிட்ட மணி; அதன் கரகரத்த ஓசைக்கு ஊரே அடங்கும். சாலையின் இரு முனையிலும் ஆட்கள் காவலுக்கு வந்து நின்றார்கள். ஜெபம் முடிந்து அடுத்த மணி கேட்கும்வரை யாரும் தெருவில் நடக்கக்கூடாது.

இருவரும் வீட்டுக்குள் போனார்கள். லூசியா பாயில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் துவைத்து மடித்த ஏப்ரன். அதன்மேல் அடுப்படிச் சாவி.

யாரும் சொல்வதற்கு முன்பே அவள் புறப்படத் தயாராகியிருந்தாள்.

பாட்டு முடிந்தது. வேதத்தில் ஒரு பகுதி வாசிக்கப்பட்டது. ஜெபத்தை லூசியாவே செய்தாள். அடுப்புக்காக நன்றி, மாவுக்காக நன்றி, தம்பியின் வீட்டுக்காக நன்றி. புதிதாக அடுப்படிக்கு வரப்போகிறவனின் கைக்கு ஆசீர்வாதம். அவள் குரலில் புகார் இல்லை.

ஆமென் சொன்ன பிறகு, தெபோரா பேச வேண்டிய நேரம் வந்தது. அவள் வாயெடுப்பதற்குள் இயாகோப்போ எழுந்தான். பாயைச் சுற்றி வந்து, அக்காவின் எதிரில், பாய் இல்லாத வெறும் தரையில் உட்கார்ந்தான். தலை குனிந்திருந்தது.

"அக்கா, திங்கக்கிழமை அடுப்ப நீங்களே பத்த வைங்க."

லூசியாவின் கை ஏப்ரன்மேல் இருந்த சாவியைத் தொட்டது.

"எட்டுத் தேங்காய்க்கு உங்கள சந்தேகப்பட்டேன். அது எலியா முன்னாடி எண்ணாம போட்டுக்கிட்டிருந்த ஜோடிங்க. அது என் வாய்ல வரக்கூடாதுன்னு இவ வாய்ல வெச்சேன். ரெண்டு தப்பு."

"அளவு போட்டவ நான்," என்றாள் தெபோரா. "அப்ப மூணு."

லூசியாவின் கண்கள் நிறைந்தன. ஆனால் அவள் அவளாயிற்றே.

"எட்டு தேங்காய்! அடேய், திருடறதுன்னா நான் எட்டோட நிறுத்துவேனாடா? இந்த ஒடம்ப பாரு!"

வீடு அதிர்ந்தது. வேலைக்காரப் பெண்கள் சொல்வது உண்மைதான். சிரித்துக்கொண்டே அவள் தம்பியின் தலையில் கை வைத்தாள். கையை எடுக்க வெகுநேரமாயிற்று.

மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் நாம் நடந்துவிடுகிற தூரம்தான் அதிகம்.

அடுத்த மணி அடித்ததும் தெபோரா பின்வாசல் கதவைச் சாத்தப் போனாள். கதவின் கம்பியில் என்னவோ கனத்துத் தொங்கியது. தொட்டுப் பார்த்தாள். மட்டைநாரால் கட்டிய இரண்டு தேங்காய். நார் இன்னும் ஈரம்.

வெளியே யாருமில்லை. முதல் மணிக்கு முன்பே எலியா வந்து மாட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை வருகிறேன் என்கிறானா? இல்லை, இத்தனை வருஷத்துக்கும் இதுதான் கடைசி என்கிறானா?

"என்ன அது?" என்று உள்ளிருந்து இயாகோப்போ கேட்டான். "தேங்காயா? எத்தன?"

தெபோரா வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து லூசியாவின் குரல் வந்தது.

"எண்ணாதீங்கடா."